ஒரு மணி நாற்பது நிமிடம்

வாஸ்து பார்க்க வந்தவருக்குத்
தட்டில் வைத்து இருநூறு வெள்ளி கொடுத்தேன்.
ரசீது கேட்கவில்லை.
ஈசானியத்தில் இருந்த வாஷிங் மெஷினை
அன்றைக்கே இழுத்து
கொல்லைப்புறச் சுவரோரம் சேர்த்தேன்.

குத்தகையாளர் ஆங் காசே கேட்கவில்லை.
வாசலில் நின்றபடி அண்ணாந்து பார்த்தார்.
மூன்றாம் மாடியா, முடியும் லா, ஆறே மாதம்,
என்று சிகரெட்டை என் பூந்தொட்டியில் அணைத்தார்.

ஆகவே
பொறியாளர் கோ பெய் லிங்
அறுநூற்று ஐம்பது வெள்ளி என்று எழுதியபோது
வந்து பார்ப்பதற்கா, என்றேன் மங்கையர்க்கரசியிடம்.
கட்ட இல்லை, வரைய இல்லை,
சும்மா பார்ப்பதற்கா?
பல் டாக்டரும் பார்க்கத்தானே செய்தார்,
போன மாதம் நூற்றெண்பது,
என்றாள் என் வாயைப் பார்த்தபடி.

சனிக்கிழமை. மழை விட்டும் விடாத காலை.
சிலேத்தார் ஹில்ஸ், எங்கள் வரிசையில் எட்டாவது வீடு.
குடையைச் சாய்த்துவிட்டு,
கோப்பி வேண்டாம் என்றுவிட்டு,
பையிலிருந்து ஓர் ஐம்பது காசை எடுத்து
தூணைத் தட்டினார் அந்தப் பெண்.
காதை வைத்துக் கேட்டார்.
நான் பேசிக்கொண்டே இருந்தேன்:
சுழல்படி, கண்ணாடிக் கூரை,
பக்கத்து ஃபூ வீட்டில் போட்ட மாதிரி ஒரு பால்கனி.
அவர் நாணயத்தை மட்டும் கேட்டார்.

பிறகு:
மேலே அந்த அறை யாருக்கு?

மகனுக்கு, என்றேன் நான்.
எனக்கு, என்றாள் மங்கை.

இரண்டும் ஒரே நேரத்தில் விழுந்தன.
மகன் பெர்த்தில் வீடு வாங்கி மூன்று வருஷம்.
அது எனக்குத் தெரியும்.
மங்கைக்கு ஓர் அறை வேண்டும் என்பது தெரியாது.
முப்பத்தொரு வருஷக் குறட்டையை
அவள் என்றைக்காவது கணக்கெழுதி நீட்டியிருந்தால்
ஒருவேளை தெரிந்திருக்கும்.
பென்சிலை எடுத்த பொறியாளர்
ஒன்றும் எழுதாமல் காதில் செருகிக்கொண்டு
பின்பக்கம் எப்படிப் போவது என்றார்.

அங்கே கறிவேப்பிலைத் தொட்டிக்கு அடியில்
வட்டமாய் ஓர் இரும்பு மூடி.
இருபது வருஷமாய் மிதித்திருக்கிறோம்.
உங்கள் வரிசை மொத்தத்தின் கழிவும்
இதற்குள்தான் போகிறது, என்றார்,
இதன்மேல் சுவர் எழுப்ப லேசில் விடமாட்டார்கள்.
தூண்கள் இரண்டு மாடிக்கு என்று போட்டவை.
மூன்றாவதை ஏற்றினால்
கொஞ்ச நாள் சுமப்பதுபோல் காட்டும்.
அடியிலிருந்து பலப்படுத்தலாம்,
அதற்கு ஆங் சொன்ன தொகையை இரண்டால் பெருக்குங்கள்.
முடியாது என்று நான் சொல்லவில்லை.

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்
என்றவர்கள்
இரண்டுக்கும் முன்னால் யாரைக் கேட்பது என்று
சொல்லாமலே போய்விட்டார்கள்.
கல்யாணத்துக்காவது பத்துப் பொருத்தம் பார்த்தோம்.
பதினொன்றாவது, தனி அறை.

கிளம்புகிறவர் ஸ்டோர் ரூமுக்குள் எட்டிப் பார்த்தார்.
கொல்லைப்புறச் சுவரில் நாணயத்தால் இரண்டு தட்டு.
இது பாரம் தாங்காத சுவர்,
தாராளமாய் ஒரு சன்னல் வைக்கலாம், என்று
பென்சிலால் சதுரம் ஒன்று போட்டார்.

இரவு பே-நவ்வில் பணம் அனுப்பினேன்.
ரசீது வந்தது:
தள ஆய்வு, ஒரு மணி நாற்பது நிமிடம்.
அறை யாருக்கு என்ற கேள்விக்குத்
தனிக் கட்டணம் போடவில்லை.

ஆங் இரண்டு முறை கூப்பிட்டார். எடுக்கவில்லை.
ஞாயிறு முழுக்க ஸ்டோர் ரூமைக் காலி செய்தேன்:
ஓடாத மின்விசிறிகள், பூப்பந்து மட்டைகள்,
எதற்கோ வைத்த இருபத்தேழு அட்டைப்பெட்டிகள்.
மங்கை அளவுநாடாவின் ஒரு முனையை நீட்டி
பிடிங்க, என்றாள்.
சன்னல் சரியாய் வாஷிங் மெஷினுக்குப் பின்னால் வந்தது.

இதை நகர்த்தணுமே.
எங்கே?
முன்னே இருந்த இடத்துக்கு.